மொட்டு இருக்கும் இடம்

கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து எடுப்பவர்களுக்குத் தேயிலைச் செடியின் இலைகள் எல்லாம் ஒன்றல்ல. கொழுந்து வேறு, தாய் இலை வேறு, மீன் இலை வேறு, பஞ்சி வேறு. கிளை நுனியில் கூம்பி நிற்கும் மொட்டும் அதன் கீழே உள்ள இரண்டு இளம் இலைகளும் கூடைக்குப் போகும். நுனி மொட்டு வளர்ச்சி நின்று உறங்கிவிட்டால் அது பஞ்சி. புதுத் துளிர் கிளம்பும்போது அடியில் முதலில் விரியும் சிறிய இலை மீன் இலை. அதன் நுனி மொண்ணையாக இருக்கும், விளிம்பில் மற்ற இலைகளுக்கு உள்ள ரம்பப் பல் இருக்காது. தாய் இலை முற்றிய பெரிய இலை. செடிக்குச் சோறு ஆக்குவது அதுதான் என்பதால் அதில் கை வைப்பதில்லை.

விளிம்பு எப்படி, நுனி எப்படி, மொட்டு விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்று பார்த்துப் பெயர் சொல்வது முழுமையான தாவரவியல். பல்கலைக்கழக ஆய்வகத்தில் செய்வதும் இதுவே. அங்கே சொற்கள் அதிகம், அவ்வளவுதான். லண்டன் கியூ தாவரவியல் பூங்கா 2010இல் வெளியிட்ட கலைச்சொல் அகராதியில் தாவரங்களை வர்ணிக்கும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. அந்தப் பட்டியலைப் பார்த்து மிரள்பவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சொற்களில் பல ஒரே ஒரு கேள்வியிலிருந்து கிளைப்பவை. மொட்டு எங்கே இருக்கிறது என்பதே அந்தக் கேள்வி.

தேயிலைக் கிளை ஒன்றை எடுத்துக்கொண்டு ஓர் இலையின் காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். காம்புக்கும் தண்டுக்கும் நடுவே மேல்பக்கத்தில் ஒரு கோணம் உண்டாகிறது. அந்தக் கோணத்தில் கடுகளவு மொட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பாடநூல் அதைக் கோண மொட்டு என்கிறது. நுனியில் உள்ள மொட்டு இருக்கும்வரை அது ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளைக் கீழே அனுப்பி, கோண மொட்டுகளை எழவிடாமல் அடக்கி வைக்கிறது. கொழுந்தைக் கிள்ளியதும் அந்தத் தடை நீங்கி, கீழுள்ள இலைக் கோணங்களிலிருந்து புதுக் கிளைகள் புறப்படுகின்றன. விட்டால் மரமாக வளரக்கூடிய செடி, இடுப்பளவுக்கு மேசைபோல் பரந்து நிற்பதும், சில நாள் இடைவெளியில் மறுபடி மறுபடி கொழுந்து தருவதும் இதனால்தான். கவாத்து வெட்டுவதும் இதே மொட்டுகளை நம்பித்தான்.

பூக்கும் தாவரங்கள் எல்லாவற்றுக்கும் இந்த விதி பொருந்தும். இலை என்றால் அதன் கோணத்தில் மொட்டு உண்டு, குறைந்தது மொட்டுக்கான இடமாவது உண்டு. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் கண்ணை ஏமாற்றும் பல உருவங்கள் தெளிந்துவிடும்.

கோத்தகிரிச் சாலையோரம் நிற்கும் சீகை மரத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம் இது. அரிசியைவிடச் சிறிய பச்சைத் துணுக்குகள் நூற்றுக்கணக்கில் அடுக்கடுக்காக நிற்கும். ஒவ்வொரு துணுக்கும் ஓர் இலைபோலத் தோன்றும். துணுக்கின் அடியில் மொட்டைத் தேடினால் கிடைக்காது. அதைத் தாங்கும் சிறு காம்பின் அடியிலும் இல்லை. எல்லாம் சேர்ந்து கிளையில் பொருந்தும் இடத்தில்தான் மொட்டு இருக்கிறது. ஆகவே ஒரு முழம் நீளம் இல்லாவிட்டாலும் ஒரு சாண் வரக்கூடிய அந்த விசிறி முழுதும் ஒரே இலை. துணுக்குகள் சிற்றிலைகள். இருமுறை பிரிந்த சிறகு வடிவக் கூட்டிலை என்ற நீண்ட பெயரின் பொருள் இவ்வளவுதான்.

தேயிலைக்கு நிழல் தருவதற்காக நடும் சில்வர் ஓக் இன்னொரு ஏமாற்று. அதன் இலையும் பெரணிபோலப் பிளந்து பிளந்து கிடக்கிறது. ஆனால் நடு நரம்பை ஒட்டி விரலை ஓட்டினால் இலைப்பரப்பின் மெல்லிய பட்டை அறுபடாமல் தொடர்வதைத் தொட்டறியலாம். பிளவு எவ்வளவு ஆழமானாலும் நடு நரம்பை எட்டித் தனித்தனிச் சிற்றிலைகளாகப் பிரியவில்லை. அதனால் இது ஆழப் பிளந்த தனி இலை. சீகையும் சில்வர் ஓக்கும் ஓரளவு ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்று பயறு குடும்பம், மற்றது புரோட்டியேசி குடும்பம். உறவு மிகத் தொலைவு.

பள்ளிக்கூடத்தில் இந்தச் சொற்களை முள்ளிலிருந்து கற்றுக்கொடுக்கத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கோத்தகிரியில் அதற்குத் தேவையான மூன்று செடிகளும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன.

முதலாவது, ஊசிக்களா. படுக மக்கள் ஜக்கலா என்பார்கள். சோலை ஓரத்திலும் புல்வெளியிலும் வளரும் குத்துச்செடி. மஞ்சள் பூ, கருநீலப் பழம், உள்ளே மஞ்சள் கட்டை. 1819இல் நீலகிரிக்கு ஏறி வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷனோ இதற்கு பெர்பெரிஸ் டிங்டோரியா என்று பெயர் வைத்தார். இதன் முள் மூன்று கவராகப் பிரிந்திருக்கும். அந்த முள்ளுக்கு மேலே உள்ள கோணத்தைப் பார்த்தால் சிறு இலைகள் கொத்தாக முளைத்திருக்கும். கோண மொட்டு குறுங்கிளையாக வளர்ந்து அந்தக் கொத்தைத் தந்திருக்கிறது. மொட்டைத் தன் கோணத்தில் தாங்கி நிற்பது எதுவோ அது இலை. ஆகவே இந்த முள் ஓர் இலை. பச்சையை இழந்து கூர்மையாகிவிட்ட இலை.

இரண்டாவது, பங்களா வேலிகளில் படரும் காகிதப்பூ. அதன் முள்ளுக்குக் கீழே ஓர் இலையோ இலை உதிர்ந்த தழும்போ இருக்கும். முள் அந்த இலையின் கோணத்திலிருந்து வருகிறது. மொட்டு வர வேண்டிய இடத்தில் வந்திருப்பதால் இது முள்ளாக மாறிய கிளை. மூன்றாவது, எங்கும் புதராக மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடி. அதன் நான்கு பட்டைத் தண்டின்மேல் கொக்கி முட்கள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். இலைக்கோ மொட்டுக்கோ அவற்றோடு தொடர்பில்லை. மேல்தோலிலிருந்து கிளம்பிய வளர்ச்சி அது. ரோஜாவின் முள்ளும், மஞ்சள் பழம் தரும் காட்டு ராஸ்பெர்ரியின் முள்ளும் அப்படியே. பக்கவாட்டில் அழுத்தினால் தோலோடு பெயர்ந்துவரும். ஊசிக்களா முள்ளை அப்படிப் பெயர்க்க முடியாது, உள்ளே நரம்புக் குழாய் ஓடுகிறது.

கையில் குத்தும்போது மூன்றும் ஒன்றுதான். செடியின் வரலாற்றில் மூன்றும் வெவ்வேறு. ஆடு மாடு கடிப்பதைத் தடுக்க ஒரு செடி இலையைச் செலவழித்தது, ஒன்று கிளையைச் செலவழித்தது, ஒன்று தோலை நீட்டியது. தாவரவியல் இவற்றுக்கு மூன்று தனிச்சொற்கள் வைத்திருப்பது இந்த வேறுபாட்டைக் காப்பாற்றத்தான். தமிழிலும் இலைமுள், கிளைமுள், தோல்முள் என்று சொல்லிவிட்டால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று பிளாக்வுட். சீகையின் நெருங்கிய உறவு, நீலகிரியில் பல இடங்களில் நடப்பட்ட மரம். வளர்ந்த மரத்தைப் பார்த்தால் சிற்றிலையே இருக்காது. சற்று வளைந்த, தடித்த, அரிவாள் போன்ற பச்சைத் தகடுகள் மட்டும் தொங்கும். தகட்டின் அடியில் கோண மொட்டு இருக்கிறது, எனவே அது இலை சார்ந்தது என்று தெரிகிறது. இலையின் எந்தப் பகுதி என்பதை நாற்று காட்டிக்கொடுக்கும். விதையிலிருந்து வரும் கன்று முதலில் சீகையைப் போலவே கூட்டிலைகளை விரிக்கிறது. அடுத்து வரும் இலைகளில் காம்பு தட்டையாகி அகலமாகிறது, அதன் நுனியில் மட்டும் சில சிற்றிலைகள் மிஞ்சுகின்றன. பிறகு வருபவற்றில் சிற்றிலைகளே இல்லை, காம்பு மட்டும் தகடாக நின்று இலையின் வேலையைச் செய்கிறது. ஒரே கன்றில் இந்த மூன்று நிலையையும் மேலும் கீழுமாகப் பார்க்க முடியும். பாடநூலில் இதற்கு இலைத்தொழில் காம்பு என்று பெயர். தமிழ்க் கலைச்சொற்களில் இதைவிடத் தெளிவானது குறைவு: காம்பு இலைத்தொழில் செய்கிறது.

கற்பூர மரமும் வயதுக்கேற்ப உருமாறும். தைலம் காய்ச்சும் யூக்கலிப்டஸ் குளோபுலஸ் இது. கன்றிலும், வெட்டிய அடிமரத்திலிருந்து கிளம்பும் துளிரிலும் இலைகள் எதிரெதிராக, காம்பே இல்லாமல் தண்டை அணைத்தபடி அகன்று இருக்கும். அவற்றின்மேல் சாம்பல் நீல மெழுகுப் பூச்சு. விரலால் தேய்த்தால் பூச்சு கலைந்து அடியில் பச்சை தெரியும். தண்டு சதுரம். அதே மரம் உயர்ந்ததும் இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்து, காம்பு பெற்று, ஒடுங்கிப் பிறைபோல் வளைந்து செங்குத்தாகத் தொங்குகின்றன. நண்பகல் வெயில் பரப்பில் அறையாமல் விளிம்பில் படுகிறது. தொங்கும் இலைக்கு மேல்பக்கம் கீழ்பக்கம் என்ற பேதம் மறைந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. இந்த இரண்டு கிளைகளையும் பெயர் தெரியாத ஒருவரிடம் தனித்தனியாகக் கொடுத்தால் இரண்டு மரம் என்றே சொல்வார்.

உருவத்துக்கு அடுத்தது பரப்பு. இதில் கண்ணைவிட விரலுக்கு வேலை அதிகம். பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ் ஒன்று கூட இருந்தால் போதும். தேயிலை மொட்டைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளிப் பட்டு மயிர் படிந்திருக்கும். இலை முற்ற முற்ற மயிர் உதிர்ந்து வழுவழுப்பாகும். உண்ணி இலையில் மயிர் குட்டையாக, விறைப்பாக இருப்பதால் சொரசொரக்கும். தவிட்டுப்பழச் செடியின் இலையில் அடிப்பக்க மயிர்கள் ஒன்றோடொன்று சிக்கிப் பின்னிக் கம்பளம்போல் மூடிவிடுகின்றன. பின்னிய மயிர்ப்போர்வை என்பதைக் குறிக்கும் டோமென்டோசா என்ற சொல் அதன் அறிவியல் பெயரிலேயே இருக்கிறது. கோத்தகிரிப் பிள்ளைகள் வாய் ஊதாவாகும்வரை தின்னும் அந்தப் பழத்தைத் தெரியாதவர்கள் இங்கே குறைவு. இலையைத் திருப்பிப் பார்த்தவர்களும் அதிகமாக வேண்டும்.

காட்டுப்பூவரசின் இலை அடியிலும் இத்தகைய போர்வை உண்டு. சிவந்த பூக்கொத்துகளால் எல்லோரும் அறிந்த ரோடோடென்ட்ரான்தான் அது. சோலைக்கு வெளியே, உறைபனி விழும் புல்வெளியில் தனித்து நிற்கக்கூடிய மரம். இலைத்துளைகள் அடிப்பரப்பில் இருக்கின்றன. மயிர்ப்போர்வை அவற்றின்மேல் அசையாத காற்றுப் படலத்தைத் தேக்கி வைத்து, மலைக்காற்று நீரை உறிஞ்சுவதைக் குறைக்கிறது. இலை தோல்போலத் தடிப்பதும் விளிம்பு உள்நோக்கிச் சுருள்வதும் அதே காரியத்துக்கு உதவுகின்றன. சதுப்புப் புல்வெளிகளில் வளரும் டிரோசெரா பெல்டேட்டாவின் மயிர்களுக்குத் தொழில் வேறு. ஒவ்வொரு மயிரின் நுனியிலும் பசைத்துளி. உட்காரும் பூச்சியைப் பிடித்துச் செரித்துவிடும். பெல்டேட்டா என்ற பெயர் அதன் கேடய வடிவ இலையைச் சொல்கிறது: காம்பு இலையின் விளிம்பில் சேராமல் பரப்பின் உட்புறத்தில் சேர்கிறது. தாமரை இலையும் அப்படித்தான்.

இப்படி வரையறுத்த சொற்களின் பெரும் பயன், செடியைப் பார்க்காதவர்களுக்கும் செடி போய்ச் சேர்வது. ஸ்வீடனின் லின்னேயஸ் 1751இல் வெளியிட்ட ‘ஃபிலாசோஃபியா பொட்டானிகா’ நூலில் உறுப்புகளுக்கும் உருவங்களுக்கும் உரிய சொற்களை ஒழுங்குபடுத்தினார். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற ஒழுக்கம் அங்கே வலுப்பெற்றது. பிறகு உலகெங்கும் ஒரு புதுச் செடிக்குப் பெயர் செல்லுபடியாக வேண்டுமானால் அதன் வர்ணனை லத்தீனில் இருக்க வேண்டும் என்ற விதி 1935 முதல் 2011 முடிய நடைமுறையில் இருந்தது. 2012 தொடக்கத்திலிருந்து ஆங்கிலத்திலும் எழுதலாம்.

நீலகிரிக்கு இந்தக் கலைச்சொல் மொழி சீக்கிரமே வந்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வந்த ராபர்ட் வைட், 1846 முதல் 1851 வரை ‘ஸ்பிசிலேஜியம் நீல்கெரென்ஸ்’ என்ற தலைப்பில் இந்த மலைச் செடிகளைப் படங்களோடு வெளியிட்டார். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு தென்னிந்திய ஓவியர்கள். ஒரு கிளையை அழகாக வரைவதோடு அவர்கள் நிற்கவில்லை. சூலகத்தைக் குறுக்கே வெட்டி எத்தனை அறை என்று காட்டினார்கள், மகரந்தத்தாள் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். வர்ணனையில் ஒரு சொல் வந்தால் அதற்குரிய கோடு படத்தில் இருந்தது. வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். அந்த ஓவியர்களுக்கு உரிய புகழ் தமிழ்நாட்டில் இன்னும் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஃபைசன் 1915இல் கொண்டுவரத் தொடங்கிய நூல் கோத்தகிரிக்கு இன்னும் நெருக்கம். நீலகிரி, பழனி மலை உச்சிகளில் 6,500 அடிக்கு மேல் வளரும் பூச்செடிகளைப் பற்றியது அது. உதகமண்டலம், கோத்தகிரி, கொடைக்கானல் என்ற மூன்று மலை ஊர்களின் பெயர்களும் அதன் நீண்ட தலைப்பிலேயே வருகின்றன. அவருடைய மனைவி டயானா ரூத் ஃபைசனும் அதற்குப் படங்கள் வரைந்தார். இலை எதிரெதிரா, மாறி மாறியா, விளிம்பு முழுமையா, பல்லா என்று ஒவ்வொரு படியிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டே போனால் செடியின் பெயரில் கொண்டுபோய் விடும் வழிகாட்டி முறை இத்தகைய நூல்களின் உயிர். சொல்லின் பொருள் கொஞ்சம் பிசகினாலும் வேறு செடியின் வாசலில் போய் நிற்க நேரும்.

தமிழில் இந்தப் பார்வை புதிதல்ல. தொல்காப்பியத்தின் மரபியல், வன்மை வெளிப்பக்கம் இருப்பவற்றைப் புல் என்றும், உள்ளே இருப்பவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல். உயரத்தையும் தோற்றத்தையும் நம்பாமல் உள்ளமைப்பைப் பார்த்த பிரிவு அது. இன்றைய தாவரவியல் ஒருவித்திலைத் தாவரங்களின் தண்டில் நரம்புக் கற்றைகள் சிதறிக் கிடப்பதையும், பனைபோன்றவற்றில் அவை வெளிப்பக்கம் நெருங்கி இறுகுவதையும் காட்டி ஏறத்தாழ அதே கோட்டைப் போடுகிறது. இவ்வளவு கூர்மையாகப் பார்த்த மொழியில், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இலையமைவையும் மஞ்சரியையும் ஒரு செடியையும் தொடாமல் மனப்பாடம் செய்கிறார்கள். பாடநூலில் உள்ள தமிழ்ச் சொற்கள் நல்ல சொற்கள். அவற்றைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவதுதான் மிச்சம்.

கோத்தகிரியில் அதற்கு லாங்வுட் சோலை இருக்கிறது. ஊரை ஒட்டி 116 ஹெக்டேரில் தப்பிப் பிழைத்த இந்தச் சோலை 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. சோலை மரங்களின் பூ பெரும்பாலும் எட்டாத உயரத்தில், ஆண்டில் சில வாரம் மட்டும் இருக்கும். கைக்குக் கிடைப்பது தாழ்ந்த கிளையும் உதிர்ந்த இலையும்தான். அதை வைத்தே நிறையச் சொல்லிவிட முடியும். இலை எதிரெதிராக அமைந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிக்குத்துபோல ஒளிப்புள்ளிகள் தெரிந்து, விளிம்பை ஒட்டி உள்ளே ஒரு நரம்பு ஓடினால் அது நாவல் இனம். அந்தப் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். இலையின் அடிப்பகுதியிலிருந்தே மூன்று நரம்புகள் நுனி நோக்கி ஓடி, கசக்கினால் பட்டை வாசனை வந்தால் காட்டு இலவங்கம். கிளையில் ஒவ்வொரு கணுவிலும் மோதிரம்போல் தழும்பு சுற்றியிருந்தால் காட்டுச் செண்பகம். மொட்டைப் பொதிந்திருந்த இலையடிச்செதில் உதிர்ந்த இடம் அந்த வட்டம். ஓடையோரத்தில் மரப்பெரணி நின்றால் அதன் உச்சியில் இளம் இலை நுனியிலிருந்து அடிவரை சுருண்டிருப்பதைப் பார்க்கலாம். பெரணி இனத்தின் பெரும்பகுதிக்கு அந்தச் சுருள் பொது அடையாளம்.

பூவை நம்பாமல் செடியை அறியும் இந்தத் திறமை மிக அவசரமாகத் தேவைப்படுவது குறிஞ்சிக்கு. 2006இலும் 2018இலும் மலைச்சரிவுகள் நீலமானபோது ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. பூத்துக் காய்த்ததும் அந்தச் செடிகள் மடிந்து, விதை முளைத்து, பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு மறுபடி தொடங்குகிறது. இடைப்பட்ட காலம் முழுவதும் குறிஞ்சி பச்சைப் புதர் மட்டுமே. சாலை அகலப்படுத்துபவர்களும் நிலம் திருத்துபவர்களும் அதைக் களையென்று எண்ணி வழித்தெடுக்கும் ஆபத்து அந்த ஆண்டுகளில்தான். குறிஞ்சி சேர்ந்த ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தின் பிற இனங்கள் சோலை நிழலிலும் வளர்வதால் குழப்பமும் உண்டு.

பூ இல்லாத குறிஞ்சியின் அடையாளங்கள் இவை: திறந்த புல்வெளிச் சரிவு; எதிரெதிர் இலை, அடுத்தடுத்த இணைகள் குறுக்குமறுக்காக அமைந்தவை; விளிம்பில் மொண்ணையான நுண்பல்; மேல்பரப்பில் உள்ளிறங்கி, அடிப்பரப்பில் புடைத்துத் தெரியும், ஏறத்தாழ இணையாக ஓடும் பக்க நரம்புகள். ஜெர்மானியத் தாவரவியலாளர் நீஸ் முதலில் இந்தச் செடிக்குக் கொடுத்த பேரினப் பெயரே நரம்பிலை என்ற பொருளுடையது. இத்தனையும் ஒரு புதரில் சேர்ந்து தெரிந்தால் மண்வெட்டியை நிறுத்திவிட்டு வனத்துறைக்கோ, தாவரம் அறிந்தவருக்கோ இலையோடு கூடிய ஒரு சிறு கிளையின் படத்தை அனுப்ப வேண்டும். படத்தில் இலைக் காம்பு தண்டோடு சேரும் கோணமும் இலையின் அடிப்பக்கமும் கட்டாயம் இருக்கட்டும்.